மவுஸைத் தேடாமல் இணையத்தில் தேட: வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு சின்னக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறேன். ஏழு கணினிகள். அதில் இரண்டுக்கு மவுஸ் ஒழுங்காக வேலை செய்யாது. அந்த இரண்டிலும் இருந்து பழகியவர்கள்தான் விசைகளை முதலில் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், வேலைக்கு விண்ணப்பம் போட வருபவர்கள், கமக்கார அமைப்பின் செயலாளர், ஓய்வுபெற்ற கிராம சேவையாளர் என்று ஆட்கள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. அதனால் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

விசைகளின் பெயரைத் தமிழிலேயே எழுதுகிறேன். ரீ என்றால் ரீவியில் முதலில் வருவது, டீ என்றால் டொலரில் முதலில் வருவது. இந்த இரண்டும்தான் குழப்பும், மற்றவை குழப்பாது. சொல்வதெல்லாம் விண்டோஸ் கணினிக்கு. அப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் கொன்ட்ரோல் வரும் இடத்தில் பெரும்பாலும் கொமான்ட் விசையை அழுத்த வேண்டும்.

மிஸ், ஷோர்ட்கட் எண்டா என்ன? கையில மவுஸ் இருக்கேக்க அது என்னத்துக்கு?

மவுஸால் செய்யும் வேலையை விசைப்பலகையில் ஒன்றிரண்டு விசையைச் சேர்த்து அழுத்திச் செய்வதுதான். கொன்ட்ரோல் + ரீ என்று எழுதியிருந்தால், முதலில் கொன்ட்ரோலை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே ரீயை ஒருதரம் தட்டுங்கள். பிறகு இரண்டையும் விடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் குத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது.

மவுஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேடும்போது கை ஏற்கனவே எழுத்துகளின் மேல்தான் இருக்கிறது. அதை எடுத்து மவுஸில் வைத்து, அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று துழாவி, பெட்டிக்குள் கிளிக் பண்ணித் திரும்பி வருவதற்குள் என்ன தேட வந்தோம் என்பதில் பாதி மறந்துவிடும். செக்கன் கணக்கில் நேரம் மிச்சம் என்று சொல்வார்கள். எனக்கு மிச்சமாவது அந்த நினைப்புத்தான்.

தேடுறதெண்டா முதல் கூகிளைத் திறக்க வேணும்தானே?

வேண்டியதில்லை. நான் தினமும் பார்க்கும் காட்சி இது: மேலே முகவரிப் பட்டையில் கூகிள் என்று தட்டுவார்கள். வரும் முடிவுகளில் கூகிளையே கிளிக் பண்ணுவார்கள். அந்தப் பக்கம் திறந்த பிறகு நடுவில் இருக்கும் பெட்டிக்குள் தேட வேண்டியதைத் தட்டுவார்கள். கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்குப் போகிறவர் ஆனையிறவு வரை போய்த் திரும்பி வருவது மாதிரி.

இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவிகளான குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் மூன்றிலும் முகவரிப் பட்டையே தேடல் பெட்டியும்தான். கொன்ட்ரோல் + எல் அழுத்தினால் கேர்சர், அதாவது எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கோடு, அங்கே போய் நிற்கும். அங்கே இருந்த பழைய முகவரி முழுவதும் தெரிவாகியிருப்பதால் அழிக்கத் தேவையில்லை, மேலேயே தட்டலாம். அல்ட் + டீயும் எப் 6உம் இதே வேலையைத்தான் செய்யும். மூன்றில் கைக்கு வாய்த்த ஒன்று போதும்.

முகவரி மாதிரித் தோற்றமுள்ள ஒன்றைத் தட்டினால், அதைத் தேடாமல் நேரே அந்தத் தளத்துக்குப் போகப் பார்க்கும். அப்படியான இடத்தில் குரோமில் கொன்ட்ரோல் + கே. அது தேடலுக்கென்றே பட்டையைத் திறக்கும். கொன்ட்ரோல் + என்டர் அழுத்தினால் பின்னால் டொட் கொம் சேர்த்துக்கொள்ளும் என்று ஒரு வசதியும் இருக்கிறது. எங்களுக்கு வேண்டிய அரச தளங்கள் டொட் எல்கே என்பதால் அதைப் பழகி எனக்குப் பெரிய பிரயோசனம் வரவில்லை.

ஒண்டை வாசிச்சுக்கொண்டு இருக்கேக்க இன்னொண்டைத் தேட வேண்டி வந்தா?

கொன்ட்ரோல் + ரீ. புதிய டாப், அதாவது உலாவிக்குள் இன்னொரு தாள், திறக்கும், கேர்சரும் முகவரிப் பட்டையிலேயே நிற்கும். உடனே தட்டலாம். வேலை முடிந்ததும் கொன்ட்ரோல் + டபிள்யூ, அந்த டாப் மட்டும் மூடும், பழைய பக்கம் விட்ட இடத்தில் இருக்கும்.

சிலர் கொன்ட்ரோல் + எல் அழுத்தித் தட்டி முடித்த பிறகுதான் "ஐயோ, இந்தப் பக்கம் போய்விடுமே" என்று யோசிப்பார்கள். பரவாயில்லை. என்டருக்குப் பதிலாக அல்ட் + என்டர் அழுத்துங்கள். தேடல் முடிவு புதிய டாப்பில் வரும்.

எல்லாத்தையும் மூடிப்போட்டன், இனிப் போச்சுதா?

போகவில்லை. கொன்ட்ரோல் + ஷிப்ட் + ரீ கடைசியாக மூடிய டாப்பைத் திரும்பத் திறக்கும். இன்னொரு தரம் அழுத்தினால் அதற்கு முன் மூடியது. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விசையைத்தான் படிப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால் இதைத்தான் படிக்கச் சொல்வேன்.

போன மாரியில் வகுப்பு நடக்கும்போது கரண்ட் போனது. ஒரு பிள்ளை ஒப்படைக்காக இரண்டு மணி நேரமாகத் தேடி எடுத்த பதினாலு டாப்பும் போனதென்று அழாத குறை. கரண்ட் வந்ததும் குரோமைத் திறந்து இந்த மூன்று விசையையும் அழுத்தச் சொன்னேன். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அப்படியும் வராவிட்டால் கொன்ட்ரோல் + எச், போய்வந்த பக்கங்களின் வரலாறு. பிரைவேட் ஜன்னலில் தேடியவை மட்டும் இரண்டிலும் வராது.

தேடல் முடிவு வந்த பிறகாவது மவுஸ் வேணும்தானே?

இங்கே மவுஸை எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. டாப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வோர் இணைப்பாக இறங்கலாம், ஷிப்ட் + டாப் மேலே ஏற்றும், என்டர் திறக்கும். ஆனால் முதல் முடிவுக்கு வர நிறையத் தரம் தட்ட வேண்டி வரலாம். அம்புக்குறியைக் கொண்டுபோய்க் கிளிக் பண்ணுவது சில வேளை கெதியாக முடிந்துவிடும். டாப் என்று விசைக்கும் பெயர், உலாவியில் திறக்கும் தாளுக்கும் பெயர், அது வேறு குழப்பம். விசையைச் சொல்லும்போது டாப் விசை என்றே எழுதுகிறேன்.

மவுஸ் பிடித்தாலும் மற்றக் கையைக் கொன்ட்ரோலில் வையுங்கள். கொன்ட்ரோலைப் பிடித்தபடி கிளிக் பண்ணினால் அந்த இணைப்பு பின்னால் புதிய டாப்பில் திறக்கும், நீங்கள் முடிவுப் பக்கத்திலேயே நிற்பீர்கள். லைன் மெதுவாக இருக்கும் எங்கள் பக்கத்துக்கு இது பெரிய உதவி. நல்லதாகத் தெரியும் மூன்று நாலைப் பின்னால் திறந்துவிட்டு முதலாவதை வாசித்தால், அது முடிவதற்குள் மற்றவை இறங்கியிருக்கும். டேட்டா கொஞ்சமாக இருந்தால் மட்டும் இப்படி அள்ளித் திறக்காதீர்கள்.

தேடிய சொல் சரியில்லை, மாற்ற வேண்டும் என்றால் கூகிள் முடிவுப் பக்கத்தில் சாய்கோட்டு விசையைத் தட்டுங்கள், கேள்விக்குறி இருக்கும் அதே விசை. கேர்சர் தேடல் பெட்டிக்குள் போய்விடும். யூடியூப்பிலும் இது வேலை செய்யும்.

இருபது டாப் திறந்து கிடக்கு. எது எங்க எண்டு தெரியேல்ல.

கொன்ட்ரோல் + டாப் விசை அடுத்ததற்குப் போகும். அதோடு ஷிப்டும் சேர்த்தால் முந்தியதற்கு. கொன்ட்ரோல் + 1 முதலாவது டாப், இப்படி 8 வரை எண்ணலாம். கொன்ட்ரோல் + 9 ஒன்பதாவது அல்ல, எத்தனை இருந்தாலும் கடைசி டாப். குரோமில் கொன்ட்ரோல் + ஷிப்ட் + ஏ அழுத்தினால் திறந்திருக்கும் டாப்புகளுக்குள்ளேயே பெயர் சொல்லித் தேடலாம். ஆனால் இருபது டாப் திறந்திருக்கிறது என்றால் பதினைந்தை மூடுவதுதான் முதல் வேலை. கொன்ட்ரோல் + டபிள்யூ எதற்கு இருக்கிறது?

முந்தி பேக்ஸ்பேஸ் அமத்தினா பின்னுக்குப் போகும். இப்ப ஏன் போகுதில்லை?

ஓய்வுபெற்ற கிராம சேவையாளர் கேட்டது. அவர் நினைவு சரி. குரோம் அந்தப் பழக்கத்தை 2016இல் 52ஆம் பதிப்போடு நிறுத்தியது. பயர்பொக்ஸ் 2021இல் 87ஆம் பதிப்போடு நிறுத்தியது. காரணம், படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர் ஓர் எழுத்தை அழிக்கப் பேக்ஸ்பேஸைத் தட்டுவார். கேர்சர் பெட்டிக்கு வெளியே நின்றால் பக்கமே பின்னுக்குப் போய், நிரப்பியதெல்லாம் காற்றோடு போகும். அந்தக் காலத்தில் நானே ஒரு விண்ணப்பத்தை மூன்று தரம் முதலிலிருந்து நிரப்பியிருக்கிறேன்.

இப்போது பின்னுக்கு அல்ட் + இடது அம்பு, முன்னுக்கு அல்ட் + வலது அம்பு.

கொன்ட்ரோல் எப் எண்டுறதும் கூகிளில தேடுறதும் ஒண்டா?

இல்லை. கூகிள் இணையத்தில் பக்கத்தைத் தேடும். கொன்ட்ரோல் + எப் நீங்கள் திறந்து வைத்திருக்கும் பக்கத்துக்குள் சொல்லைத் தேடும். நீளமான வர்த்தமானியில் உங்கள் மாவட்டத்துக்கு வெற்றிடம் இருக்கிறதா என்று பார்க்க அறுபது பக்கமும் உருட்ட வேண்டாம். என்டர் அடுத்த இடத்துக்குப் போகும், ஷிப்ட் + என்டர் முந்திய இடத்துக்கு, எஸ்கேப் மூடிவிடும்.

தமிழில் ஒரு சங்கதி இருக்கிறது. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வால் மாறிவிடும். "மாவட்டம்" என்று தேடினால் "மாவட்டத்தில்", "மாவட்டத்துக்கு" இரண்டும் அகப்படாது. "மாவட்ட" என்று நிறுத்துங்கள், எல்லாம் வரும். "குளம்" என்று தேடாமல் "குள" என்று தேடினால் குளத்தின், குளங்கள் எல்லாம் கிடைக்கும். அதிகம் வந்தால் என்டரைத் தட்டித் தாண்டிப் போகலாம். குறைவாக வந்தால்தான் ஆபத்து, இல்லையென்று நினைத்து மூடிவிடுவோம்.

சொல் கண்ணுக்கு முன்னால நிக்குது. கொன்ட்ரோல் எப் இல்லை எண்டுது. கொம்பியூட்டருக்குக் கண் தெரியேல்லையோ?

உண்மையாகவே தெரியவில்லை. முதற் காரணம், நீங்கள் பார்ப்பது எழுத்தே அல்ல, எழுத்தின் படம். நூலகம் தளம் 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் பெரும்பாலான பழைய நூல்கள் பக்கத்தை ஸ்கேன் செய்து வைத்தவை. அதற்குள் கொன்ட்ரோல் + எப் எதையும் காணாது. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்க எண்ணுக்குப் போவதுதான் வழி.

இரண்டாவது, எங்கள் ஊர்ப் பழைய கோப்புகளில் பாதிக்கு இருக்கும் வருத்தம்: பாமினி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவுவதற்கு முன் இங்கே தட்டச்சு என்றாலே பாமினி எழுத்துருதான். அதில் தட்டிய "அம்மா" திரையில் அம்மாவாகத் தெரியும். ஆனால் கோப்புக்குள் பதிந்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். எழுத்துரு அதன் மேல் போட்ட வேஷம்தான் தமிழ். நீங்கள் யூனிகோட்டில் அம்மா என்று தேடினால் கணினிக்கு அது வேறு ஆள். கூகிளும் அந்தக் கோப்பை உங்களுக்குக் காட்டப் போவதில்லை.

மூன்றாவது, எழுத்து யூனிகோட்தான், ஆனால் கட்டிய விதம் வேறு. ஔவையார் என்று ஔ என்ற ஒரே எழுத்தால் எழுதலாம். ஒ, ள என்று இரண்டு எழுத்தை ஒட்டியும் சிலர் எழுதுவார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. தமிழ்ப் பீடிஎப் சிலவற்றில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிப் பதிந்திருப்பதும் உண்டு. அதனால் பீடிஎப்பில் நான் கிளிநொச்சி என்று முழுதாகத் தேடுவதில்லை. கொம்பில்லாத துண்டாக "கிளி" என்று தேடுவேன். முல்லைத்தீவில் ஐகாரம் வம்பு பண்ணினால் "முல்" அல்லது "தீவு".

அப்ப பாமினிக் கோப்புக்குள்ள தேடவே ஏலாதோ?

ஏலும். வேஷத்துக்கு உள்ளே இருப்பதை நேரடியாகத் தேட வேண்டும். மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, கொன்ட்ரோல் + எப் அழுத்தி, பாமினியில் தட்டுவது போலவே அந்தச் சொல்லைத் தட்டுங்கள். பெட்டிக்குள் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், பொருட்படுத்தாதீர்கள். மேலே சொன்ன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் தட்டினால் பக்கத்தில் அம்மா மஞ்சளாகும். பாமினி தட்டத் தெரியாவிட்டால், கோப்பிலேயே அந்தச் சொல்லை ஓரிடத்தில் தெரிவு செய்து கொன்ட்ரோல் + சீ போட்டு, தேடல் பெட்டிக்குள் கொன்ட்ரோல் + வீ போடுங்கள். மற்ற இடங்களை அது காட்டும்.

வர்த்தமானி மூன்று மொழியிலும் வருவதால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஆங்கிலப் பிரதியைத் திறந்து மாவட்டத்தின் ஆங்கிலப் பெயரைத் தேடிப் பக்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு தமிழ்ப் பிரதியில் அந்த இடத்துக்குப் போங்கள். ஆங்கிலத்திலும் முல்லைத்தீவை இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். முன் பாதியை மட்டும் தட்டுங்கள்.

தமிழில தேட ஒவ்வொரு தரமும் கீழ போய் மொழியை மாத்த வேண்டிக் கிடக்கு.

விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். அல்லது இடது அல்ட் + ஷிப்ட். பெட்டிக்குள் கேர்சர் நிற்கும்போதே மாற்றலாம். கந்தோரில் வேலை செய்தவர்கள் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டுவார்கள், பிள்ளைகள் ஆங்கில ஒலியை வைத்துத் தட்டுவார்கள். எதுவானாலும் சரி.

தமிழுக்கு மாறிய பிறகும் கொன்ட்ரோலோடு சேரும் விசைகள் அதே இடத்திலேயே இருக்கும். தமிழில் தட்டிக்கொண்டே கொன்ட்ரோல் + ரீ அழுத்தலாம். சாய்கோடு மாதிரித் தனியாகத் தட்டும் விசையை மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்போதுதான் நம்பலாம்.

வன்னி எண்டு தேடினா மரம் வருது. என்ன செய்ய?

வன்னி என்றால் எங்களுக்கு இந்தப் பிரதேசம், தமிழ்நாட்டில் அது ஒரு மரம். வேறு பொருளும் அதற்கு உண்டு. அங்கே எழுதப்படுவது அதிகம், அதனால் அதுதான் முன்னுக்கு வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறியைப் போடுங்கள்: வன்னி -மரம். குறிக்கும் சொல்லுக்கும் இடையில் வெளி விடக்கூடாது. அதைவிட நல்லது, வேண்டியதைச் சேர்ப்பது: வன்னி முல்லைத்தீவு, வன்னி மாங்குளம்.

எங்கள் சொல்லைப் போட்டால் எங்கள் பக்கம் வரும். விவசாயி என்பதை விடக் கமக்காரர், டிராக்டர் என்பதை விட உழவு இயந்திரம், அரசிதழ் என்பதை விட வர்த்தமானி. கமக்கார அமைப்புச் செயலாளர் நெல் விலை தேடி ஒரு வாரமாகத் தஞ்சாவூர் விலையை வாசித்துக்கொண்டிருந்தார். "சிறுபோகம்" என்ற சொல்லைச் சேர்த்ததும் இங்கத்தைய செய்தி வந்தது. இலங்கைத் தளங்கள் மட்டும் போதுமென்றால், ஆங்கிலத்தில் சைட் என்று தட்டி, முக்காற்புள்ளி போட்டு, வெளி விடாமல் எல்கே என்று சேர்த்து, அதன் பிறகு தேடும் சொல்லைத் தட்டுங்கள்.

இரட்டை மேற்கோள் போட்டா ஒண்டுமே வருகுதில்லை.

மேற்கோளுக்குள் போட்டால் எழுத்துக்கு எழுத்து அப்படியே வேண்டும் என்று அர்த்தம். "பிரதேச செயலகம்" என்று பூட்டினால் "பிரதேச செயலகத்தில்" என்று எழுதிய பக்கம் வெளியே நின்றுவிடலாம். மாவட்டம் பற்றி முன்பு சொன்ன அதே வால் பிரச்சினைதான். ஆட்பெயர், நூற்பெயர் மாதிரி வால் மாறாதவற்றுக்கு மட்டும் மேற்கோளைப் பயன்படுத்துங்கள்.

ஒரே தளத்துக்குள்ளதான் நெடுகத் தேடுறன். அதுக்குக் குறுக்குவழி?

குரோமில் கொன்ட்ரோல் + எல் அழுத்தி, யூடியூப் முகவரியைத் தட்டத் தொடங்கி, பட்டையில் குறிப்பு வந்ததும் டாப் விசையைத் தட்டுங்கள். இனித் தட்டுவதெல்லாம் யூடியூப்புக்குள் தேடப்படும். தமிழ் விக்கிப்பீடியாப் பக்கம் ஒன்றில் நிற்கிறீர்கள் என்றால் அல்ட் + ஷிப்ட் + எப் அதன் தேடல் பெட்டிக்குக் கொண்டுபோகும்.

மற்றத் தளங்களுக்கு நீங்களே வழி வெட்டலாம். அந்தத் தளத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தேடுங்கள், முடிவுப் பக்கத்தின் முகவரியைக் கொப்பி பண்ணுங்கள். குரோமின் அமைப்புகளில் தேடல் பொறிகள் பகுதியில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, அந்த முகவரியை ஒட்டி, நீங்கள் தேடிய சொல் இருந்த இடத்தில் மட்டும் வீதக்குறியும் சின்ன எஸ் எழுத்தும் போடுங்கள். அதற்கு "வி" என்றோ "நூ" என்றோ ஒரு செல்லப்பெயர் கொடுங்கள். பிறகு முகவரிப் பட்டையில் செல்லப்பெயர், டாப் விசை, தேடும் சொல். அவ்வளவுதான்.

மிஸ், எனக்கு ஒரு கைதான் இருக்கு. மூண்டு விசையைச் சேர்த்து எப்பிடி அமத்துறது?

போர் 2009இல் முடிந்தது. இந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பதில் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஷிப்டை ஐந்து தரம் தொடர்ந்து தட்டுங்கள். ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும், ஆமென்று சொல்லுங்கள். அதன் பிறகு சேர்த்து அழுத்த வேண்டியதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். கொன்ட்ரோலைத் தட்டி விட்டுவிடுங்கள், ஷிப்டைத் தட்டி விடுங்கள், ரீயைத் தட்டுங்கள். மூடிய டாப் திரும்ப வரும். கொன்ட்ரோலை இரண்டு தரம் தட்டினால் அது பூட்டிக்கொள்ளும், மூன்றாம் தரம் தட்டினால் விடும்.

பக்கத்தில் இருப்பவர் "நான் உதவி செய்கிறேன்" என்று இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் இந்த வசதி அணைந்துவிடும். விண்டோஸ் அப்படித்தான் வைத்திருக்கிறது. அமைப்புகளில் ஸ்டிக்கி கீஸ் பகுதிக்குப் போய் அந்தத் தெரிவை எடுத்துவிடுங்கள்.

இது இல்லாமலும் நிறையச் செய்யலாம். இடக்கை மட்டும் என்றால் கொன்ட்ரோலோடு சேரும் ரீ, டபிள்யூ, எப் எல்லாம் அந்தக் கைக்குள்ளேயே இருக்கின்றன. வலக்கை மட்டும் என்றால் வலப்பக்கக் கொன்ட்ரோலோடு எல், கே. வாங்கும்போது வலப்பக்கத்திலும் கொன்ட்ரோல் உள்ள விசைப்பலகையாகப் பார்த்து வாங்குங்கள். தனி விசையில் முகவரிப் பட்டைக்கு எப் 6, பக்கத்துக்குள் தேட எப் 3.

கண் தெரியாத ஒராள் கூகிளில தேடலாமோ?

தேடுகிறார்கள், அதுவும் எங்களைவிடக் கெதியாக. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். அவுஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கியது. தமிழையும் வாசிக்கும், குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். அது ஓடும்போது கூகிள் முடிவுப் பக்கத்தில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். முடிவு ஒவ்வொன்றும் ஒரு தலைப்பு என்பதால், எச்சைத் தட்டத் தட்ட முடிவுகள் வரிசையாகக் காதில் விழும். கே தட்டினால் இணைப்பு இணைப்பாகப் போகும். இன்சேர்ட் + எப் 7 பக்கத்தின் இணைப்புகளையும் தலைப்புகளையும் பட்டியலாகத் தரும்.

கொம்யூனிகேசன் கடையில தேடினா எனக்குப் பிறகு வாற ஆள் பார்ப்பாரோ?

பார்க்கலாம். கொன்ட்ரோல் + எச் என்ன செய்யும் என்று மேலே சொன்னேனே, அவருக்கும் அது தெரிந்திருக்கும். பொதுக் கணினியில் உட்கார்ந்ததும் கொன்ட்ரோல் + ஷிப்ட் + என் அழுத்தி மறை ஜன்னலை, முன்பு சொன்ன பிரைவேட் ஜன்னலைத்தான், திறவுங்கள். பயர்பொக்ஸில் எழுத்து மட்டும் பீ, பிரிண்டில் முதலில் வருவது. முடிந்ததும் அந்த ஜன்னலை மூடினால் வரலாறு அதில் தங்காது. ஏற்கனவே சாதாரண ஜன்னலில் தேடிவிட்டீர்கள் என்றால் கொன்ட்ரோல் + ஷிப்ட் + டிலீட், அழிக்கும் பெட்டி வரும். கடைக்காரரின் மற்ற வரலாறும் சேர்ந்து அழியும், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மறை ஜன்னல் மந்திரம் அல்ல. இறக்கிய கோப்பு கணினியிலேயே இருக்கும். அடையாள அட்டைப் பிரதியை இறக்கிவிட்டு அப்படியே எழும்பிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். கொன்ட்ரோல் + ஜே அழுத்தினால் இறக்கியவை தெரியும், அங்கிருந்து கோப்பின் இடத்துக்குப் போய் அழியுங்கள்.

ரிசல்ட் வாற நாளில பக்கம் சுத்திக்கொண்டே நிக்குது. எப் 5ஐ அமத்திக்கொண்டே இருக்கலாமோ?

வேண்டாம். எப் 5 என்றால் முதலிலிருந்து தொடங்கு என்று அர்த்தம். பாதி வந்ததையும் விட்டுவிட்டு வரிசையின் வாலுக்குப் போகிறீர்கள். ஒருதரம் அழுத்திவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். பக்கம் பழையதையே காட்டுகிறது என்று சந்தேகம் வந்தால் கொன்ட்ரோல் + ஷிப்ட் + ஆர், சேமித்து வைத்ததைப் பாராமல் புதிதாக எடுக்கும். நிறுத்த எஸ்கேப்.

லப்டொப்பில எப் 5 அமத்தினா வெளிச்சம் கூடுது.

எப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். நிறைய லப்டொப்புகளில் எப்என் + எஸ்கேப் அதை நிரந்தரமாக மாற்றிவிடும்.

போனில இதொண்டும் இல்லையே?

கொன்ட்ரோல் விசை இல்லை, ஆனால் பக்கத்துக்குள் தேடும் வசதி இருக்கிறது. குரோமின் மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் பட்டியலில் வரும். வால் பிரச்சினையும் பாமினிப் பிரச்சினையும் போனிலும் அப்படியேதான்.

நாலு சொல்லை மாத்தி மாத்தித் தேட வேணும். கொன்ட்ரோல் வீ கடைசிச் சொல்லை மட்டும்தான் ஒட்டுது.

விண்டோஸ் விசை + வீ. முதல் தரம் அழுத்தும்போது இயக்கவா என்று கேட்கும். அதன் பிறகு கொப்பி பண்ணியவை எல்லாம் பட்டியலாக நிற்கும், அம்பு விசையால் தெரிந்து என்டர். 2018இன் கடைசியில் விண்டோஸ் 10க்கு வந்த வசதி, அதற்கு முந்தியதில் இல்லை. பொதுக் கணினியில் இதை இயக்காதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

மிஸ், இந்தக் கீபோர்ட்டில எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. எல் எது, ரீ எது?

எப் மேலும் ஜே மேலும் சின்னதாக ஒரு மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். இரண்டு ஆட்காட்டி விரலையும் அதில் வையுங்கள். ஜேயிலிருந்து வலப்பக்கம் இரண்டாவது எல், நடுவில் கே. எப்புக்கு மேல்வரிசையில் வலது சாய்வாக ரீ. டபிள்யூ அதே வரிசையில் ரீயிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது. எழுத்தை மீண்டும் எழுத வெள்ளைப் பெயின்ட் வாங்கி வைத்து மூன்று மாதமாகிறது. அந்தக் கணினியில் பழகுபவர்கள் இன்னும் அதைக் கேட்கவில்லை.